ஐம்பத்தைந்து விநாடி

ஆறு உண்டு, நீர் இல்லை.
கோட்டை உண்டு, ராஜா இல்லை.
மலை உண்டு, மரம் இல்லை.
வேலூரைப் பற்றிய இந்தப் பழைய கணக்கில்
பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த ஏட்டு
தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார்:
பனிச்சறுக்குக்காரி உண்டு, பனி இல்லை.
சிரித்துவைத்தேன்.
அவர் கையெழுத்து வேண்டியிருந்தது.

அக்னி நட்சத்திரம், ஒன்பதாம் நாள்.
பீரோவுக்குப் பின்னால்
பழைய புடவை சுற்றி நிற்கிறது பலகை.
அதன் முனையில் அம்மா ஈரத்துண்டு போடுவதை
மூன்று வருடமாய்த் தடுத்துப் பார்த்துவிட்டேன்.
அப்பா இலவம்பாடியில் முள்ளுக்கத்திரி போட்டிருக்கிறார்.
மேலே ஒரு கத்திரி, கீழே ஒரு கத்திரி,
நடுவுல நான் என்பார்.
ஸ்ரீநகருக்கு விமானம் என்ன விலை என்று கேட்டு
மூட்டையாக மாற்றிப் பார்த்து
பேசாமல் எழுந்து மோட்டார் போடப் போவார்.

இடது பூட்ஸ் வாய் பிளந்துவிட்டது.
ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் பிரிவு ஷாஹிதா
சாப்பாட்டு வேளையில் தைத்துக் கொடுத்தாள்.
"ஆயிரம் ஜோடி கப்பல் ஏத்துறோம்டி.
அதப் போட்டுக்கிட்டு என்ன பண்றாங்கன்னு
இன்னிக்குத்தான் கேக்கத் தோணுது."

வலது முட்டிக்கு செவ்வாய், வெள்ளி.
ஆஸ்பத்திரிக்கு எதிரே லாட்ஜுகள் எல்லாம்
வங்காள எழுத்தில் வாடகை சொல்லும் சந்து.
பிசியோதெரபி அறையில் லால்ரின்புயி
என் காலை மடக்கி எண்ணுகிறாள், எட்டில் நிறுத்துகிறாள்.
உங்க ஊர்ல பனி விழுமா என்றேன்.
"ஐஸ்வால்ல ஐஸ் பேர்ல மட்டும்தான் அக்கா."
நான் சிரித்த நேரம் பார்த்து
ஒன்பதாவதும் மடக்கிவிட்டாள்.

பந்தல் தசரதன் மேடைப் பலகைக்குக் காசு வாங்குவதில்லை.
ஒரே நிபந்தனை, முகூர்த்த நாளில் கேட்கக் கூடாது.
வைகாசி பிறந்தால் என் பயிற்சி
ஊரார் ஜாதகத்தைப் பொறுத்தது.
இன்று ரிசப்ஷன் மாலைதான். காலை எனக்கு.

விருதம்பட்டுப் பக்கம், பாலாற்று மணல், நாலரை மணி.
சவுக்குக் கம்பத்தில் சாய்த்துக் கட்டிய பிளைவுட் சரிவு.
மீன் மார்க்கெட்டுக்குப் போகிற வண்டி
நாலு பார் ஐஸ் இறக்கிவிட்டுப் போகிறது.
தம்பி கோணியில் போட்டு உடைக்கிறான்.
அள்ளி விசிறுகிறோம்,
வஞ்சிர வாடை அடிக்கும் வெள்ளையை.

பன்னிரண்டு நிமிடம். அதற்குமேல் தாங்காது.
சறுக்க ஐந்து விநாடி,
பலகையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏற ஒரு நிமிடம்.
பதினோரு தடவை.
பெருக்கினால் ஐம்பத்தைந்து விநாடி,
இன்றைய என் குளிர்காலம்.

நான் தேடுவது ஒரே ஒரு திருப்பம்.
முதுகு காட்டிப் போய்
காற்றில் பாதி சுழன்று
இறங்கும் இடத்தைப் பாராமல் இறங்குவது.
போன ஜனவரியில் குல்மார்க்கில்
அங்கேதான் முட்டி போனது.
வரும் ஜனவரியில் அதே சரிவில் தகுதிச்சுற்று.
முட்டிக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது.
நான்தான் மறந்தாக வேண்டும்.

எட்டாவதில் பிடித்தேன்.
சுத்தமாக.
பலகை சரக்கென்று ஒரே சொல் சொன்னது.
தம்பி போனில் வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்ததால்
படம் எடுக்கவில்லை.
பாலத்தில் ஒரு கூட்ஸ் வண்டி போனது.
டிரைவர் பார்த்திருக்கலாம்.
ஒன்பது, பத்து, சுமார்.
பதினொன்றில் ஐஸ் இல்லை, தண்ணீர்தான்.
விளிம்பு பிளைவுட்டைக் கீற
தோள்பட்டையில் விழுந்தேன்.
நாலு பாரும் மணலுக்குள் இறங்கிப் போயிற்று.
ஆற்றில் இன்று காலை நீர் இருந்தது,
ஏட்டிடம் யாராவது சொல்லுங்கள்.

தசரதனின் வேன் வந்துவிட்டது.
ஆட்கள் பலகைகளைத் துடைத்து அடுக்குகிறார்கள்.
ஏழு மணிக்கு அவற்றின்மேல் சிவப்புக் கம்பளம்.
மொய்க் கவரோடு வரிசையில் வருகிற யாரோ ஒருவர்
காலடியில் எதுவோ தட்டி
அரை நொடி தடுமாறி
ஒன்றும் நடக்காததுபோல்
கேமராவைப் பார்ப்பார்.