நான்காம் டின்

பார்சலைப் பிரித்ததும் தொடாதே.
முதல் விதி அதுதான். சுவரில் எழுதி ஒட்டவில்லை,
ஒட்டியிருக்கலாம்.

அறுபத்தொன்றாம் வருஷத்து வண்டி.
ஒன்பது பங்கு இதற்கு.
வீட்டைப் போலவே காரும் பிரிபடாமல் கிடந்தது
கண்டனூரில், பின்கட்டில்.
ஆளுக்கொரு சாவி, ஓட்ட ஆளில்லை.
ஆறு பேர் என்னவாவது செய்துகொள் என்றார்கள்.
ஒருவர் ஈப்போவிலிருந்து பதிலே போடவில்லை.
தண்ணீர்மலை மட்டும்
"எடைக்குப் போட்டுவிடு.
நாலு சக்கரத்தில் என் பங்கு அரைச் சக்கரம் வருமா?
அதையும் நீயே வைத்துக்கொள்" என்றான்.

ஆவணியில் என்ஜின் பிளாக் காரைக்குடி லேத்துக்குப் போனது.
தீபாவளிக்குள் தருகிறேன் என்றார் லேத்துக்காரர்,
எந்தத் தீபாவளி என்று நான் கேட்கவில்லை.
அதற்குள் சாமான்கள் வந்து இறங்கிவிட்டன:
எட்டு வால்வு, பிரேக் சிலிண்டர், பேரிங்குகள், ஒரு ஜோடி கிங்பின்.
கோவையிலிருந்து பாதி, கடல் தாண்டிப் பாதி.
பூட்ட இடமில்லாமல் புத்தம் புதிதாய்.

இரும்பு மழையில் நனைய வேண்டியதில்லை.
மழை வரப்போகிறது என்று தெரிந்தாலே போதும்.
ஐப்பசியில் வளவுக்குள் கொட்டும் தண்ணீர்
கிடாரத்தில் நிரம்பும் சத்தம்
மூன்று அறை தாண்டி
என் டின்களுக்குள் கேட்டுவிடும் என்று பயந்தேன்.

மண்ணெண்ணெயில் கழுவினேன்.
பழைய வேட்டித் துணியால் ஒற்றினேன்.
கிரீஸை வெண்ணெய் போல அப்பாமல்
கண்ணுக்கு மை இடுவது போல மெல்லிசாய்.
பிறகு மெழுகுத்தாள். பிறகு பாலிதீன் பை,
அதன் வாயில் உதடு வைத்துக் காற்றை உறிஞ்சியெடுத்து முடிச்சு.
செருப்புக்கடை முத்துக்கருப்பன் ஷூ டப்பாக்களிலிருந்து
சேர்த்துத் தந்த சிலிக்கா பொட்டலங்கள்
டின்னுக்கு ஆறு.
டின் என்றால் பலகார டின்.
மனோகரம் ஊர் ஊராய்ப் போய்வந்த தகரம்,
மூடி விளிம்பில் இரண்டு சுற்று டேப், மேலே தேதி.

செய்தித்தாள் ஆகாது. ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு
செய்தியைப் போலவே மெல்லக் கசியவிடும்.
தேக்குப் பெட்டி ஆகாது. மரமும் மூச்சு விடும், புளிப்பாய்.
வெறுங்கை ஆகவே ஆகாது.
வியர்வையில் உப்பு இருக்கிறது.
தொட்டவன் யாரென்று
இரும்பே எழுதிக் காட்டிவிடும், சில நாளில்.

தையில் லேத்திலிருந்து போன் வந்தது.
ஒன்று, இரண்டு, மூன்று:
வந்த நாளின் வெளிச்சம் அப்படியே.
நான்காவதில்
டேப் மேல் டேப்.
மெழுகுத்தாள் நான் மடிக்காத பக்கம் மடிந்திருந்தது.
கிங்பின்னின் வழவழப்பில்
தவிட்டு நிறத்தில் ஒரு கட்டைவிரல்.

சுழி சுழியாய் ரேகை, குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு.
பதினோரு வயதில் கோலிசோடா புட்டி கிழித்த இடம்.
ஒன்பது பங்கில் அந்தக் கோடு ஒருவனுக்குத்தான்.
பேரிலேயே ஈரம் உள்ளவன்.

கல்யாணத்துக்கு வந்தேன், உடனே திரும்பிவிட்டேன்
என்றானே, ஐப்பசியில்.
மழையில் பூட்டைத் திறந்து, பொட்டலத்தைப் பிரித்து,
ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து
எவ்வளவு நேரம் பார்த்திருப்பான்.
எடைக்குப் போடச் சொன்னவன்
கையில் எடை பார்த்திருக்கிறான்.

கிங்பின் புஷ்ஷுக்குள் திரும்ப வேண்டியது.
ரேகையோடு பூட்ட முடியாது.
நைஸ் எமரித்தாள், இரண்டு சொட்டு எண்ணெய், பத்து நிமிஷம்.
போய்விட்டது.
புஷ் தொடாத மேல்நுனியில் மட்டும்
ஒரு கால்வட்டம் மிச்சம்.
அங்கே நான் தேய்க்கவில்லை.

அவனுக்குப் போன் செய்யவில்லை.
இன்னும் பிரிக்காத ஐந்தாம் டின் மேல்
ஒரு ஜோடி பருத்திக் கையுறை வைத்தேன்.
என் கைக்குப் பெரிது.

மாசிக் கடைசியில் போய்ப் பார்த்தேன்.
டேப் நேராக ஒட்டியிருந்தது.
கையுறை வைத்த இடத்திலேயே இருந்தது,
மடிப்பு மாறி,
வலது கட்டைவிரலில் கிரீஸ்.