போகும்போது காலி

லேடிஸ்மித் அருங்காட்சியகத்தில் சனிக்கிழமை
மேசை நிறையச் சிவப்புத் துணி.
நவம்பர் பதினொன்றுக்குள் முந்நூறு பாப்பிப் பூ வேண்டுமாம்.
"ஐந்து இதழ் வெட்டுங்கள், நடுவில் கறுப்புப் பொத்தான்,
பின்னால் ஊக்கு" என்கிறாள் நொம்ஃபுண்டோ.
அந்தப் பூவை இந்த ஊரில் நான் பார்த்ததில்லை.
வெளியே ஜக்கரண்டா உதிர்ந்து
கார்க் கூரையெல்லாம் ஊதா.

மகளை விட்டுவிட்டுப் போகத்தான் வந்தேன்.
இடி. பிறகு ஆலங்கட்டி.
கார்ச்சாவியை விரலில் மாட்டியபடி உட்கார்ந்து
அரை மணியில் இரண்டு பூ தைத்தேன்,
இரண்டும் மிளகாய் வற்றல் மாதிரி.
கெருஷா பதினொன்று முடித்திருந்தாள்.
"அப்பா, நீங்க பொத்தான் மட்டும் எடுத்துக் குடுங்க."

பூவுக்கு ஒரு சீட்டு. சீட்டில் ஒரு பெயர்.
பட்டியல் நான்கு பக்கம்:
குண்டு பட்டவர், குடற்காய்ச்சலில் போனவர்,
படை, பதவி, தேதி.
திருமதி வான் ரோயன் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு
தங்கள் வீட்டு ஆளைத் தேடினார்.
அவர் எதிர்ப்பக்கம் நின்று சுட்டவர்.
"அவருக்கும் இதே சிவப்புத்தானா?"
நொம்ஃபுண்டோ கொஞ்சம் யோசித்து
"வேறு துணி இல்லை" என்றாள்.

நான்காம் பக்கத்து அடியில் ஒரே வரி.
இந்தியர், டோலி தூக்கிகள், ஏறக்குறைய ஆயிரம்.
ஏறியது எத்தனை, குறைந்தது எத்தனை?
கரும்புக் காட்டிலிருந்து கூட்டிவந்தவர்கள்.
பின்னாலிருந்து கூப்பிட்டால்
சட்டென்று திரும்பிப் பார்க்க
ஆளுக்கொரு பெயர் இருந்திருக்குமே.

இருபத்திரண்டு வருடமாக
மாகாண ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறேன்,
எக்ஸ்ரேக்கு, தியேட்டருக்கு,
சில நாள் கீழே, குளிர் அறைக்கு.
சக்கரம் இருக்கிறது. லிஃப்ட் இருக்கிறது.
அப்படியும் ராத்திரியில் முதுகு பேசும்.
மலைச்சரிவு, சேறு, தோளில் மூங்கில்,
நடுவில் ஓர் ஆள் தண்ணீர் தண்ணீர் என்று
தெரியாத பாஷையில் முனகிக்கொண்டு.
தண்ணீர் மட்டும் எந்தப் பாஷையிலும் புரிந்துவிடும்,
என் வார்டுகளில் பார்த்திருக்கிறேன்.

ஐஸ் குச்சி இரண்டு எடுத்தேன்.
ஒரு துண்டு வெள்ளைத் துணி.
நாலு மூலையிலும் ஆஸ்பத்திரி முடிச்சு, அவிழாது.
டோலி ஆயிற்று. மேசையில் வைத்தால் படுத்துக்கொண்டது.
தூக்க ஆள் வேண்டுமே.
நொம்ஃபுண்டோ உள்ளே போய்
துணி காயப்போடும் மரக் கிளிப் ஒரு பிடி கொண்டுவந்தாள்.
ஒரு தலை, இரண்டு கால். மனிதனுக்குப் போதும்.
மிச்சச் சிவப்பில் தலைப்பாகை.
கெருஷா பேனாவால் மூன்று பேருக்கு மீசை வைத்தாள்.
நாலாமவனுக்கு வேண்டாம், அவன் சின்னவன் என்றாள்.

மஸிபுகோ அதுவரை ஒரு பூவும் தொடவில்லை.
டெலிபோன் கம்பியை முறுக்கிக்கொண்டே இருந்தார்:
பச்சையும் மஞ்சளுமாக ஓர் எருது.
"வண்டி ஓட்டினவர்கள் உன் நாலாம் பக்கத்திலும் இல்லை"
என்று சொல்லி
எருதை என் டோலிக்குப் பின்னால் நிறுத்தினார்.
கொம்பு ஒன்று கோணல். சரி செய்யவில்லை.

மழை விட்டது.
திருமதி வான் ரோயன் ஒரு பாப்பியை எடுத்து
டோலியில் கிடத்தப் போனார்.
"காலியாக இருக்கிறதே."
இருக்கட்டும் என்றேன்.
இவர்கள் இப்போதுதான் போகிறார்கள்.
போகும்போது காலி.
அவர் பூவைக் கீழே வைக்கவில்லை,
கையிலேயே வைத்துக்கொண்டு
ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் பார்த்தார்.

சீட்டு நாலும் காலியாகக் கிடந்தன.
மீசையில்லாதவனுக்கு மட்டும்
கெருஷா ஏதோ எழுதி, மடித்து, ஊக்குக் குத்தினாள்.
காரில் கேட்டேன். சொல்லமாட்டாளாம்.

திங்கள்கிழமை, ஏழு மணி ஷிப்ட்.
நாலாம் வார்டுக்குக் காலி ஸ்ட்ரெச்சரோடு போகிறேன்.
ஒரு சக்கரம் கீச்சிடுகிறது.
எண்ணெய் கேட்டுப் பத்து நாளாகிறது.