வாலில் ஓர் உம்

ஜுபைல். மூன்றாம் ஷிப்ட்.
கடலிலிருந்து உப்பை எடுக்கும் ஆலையில்
எண்களுக்குக் காவல் இருக்கிறேன்.

பதினோரு மாத அழுத்தமானிக் கணக்கை
இன்றிரவே பிரித்தடுக்க வேண்டும்.
எடிட்டருக்குள்ளிருந்து கட்டளையை ஏவினால்
அது முடியும்வரை கர்சர் கல்லாய் நிற்கும்,
மெஸ்ஸில் தட்டோடு நிற்கிற மாதிரி நானும்.

அதனால் வரியின் வாலில் ஒரு &.
காலை மடக்கி உட்கார்ந்த அந்தக் குறியை
நான் 'உம்' என்றுதான் வாசிப்பது:
நீயும் ஓடு,
நானும் எழுதுகிறேன்.

உடனே கர்சர் கைக்கு வந்தது.
அதே திரையில் இன்னொரு கோப்பு,
ரெமிஜியுஸுக்காக ஒரு மனு.
அவனுக்கு வெல்டிங் தெரியும், விண்ணப்பம் தெரியாது.
மதிப்பிற்குரிய மேலாளருக்கு,
ஆகஸ்டிலிருந்து ஓவர்டைம் வரவில்லை,
மொத்தம் நூற்று நாற்பத்தாறு

மணி என்று அடிக்கிறேன்,
அந்தச் சொல்லின் மேலேயே வந்து விழுந்தது:
பிழை. மார்ச் கோப்பு இல்லை.

பதற்றத்தில் அழிக்க அழிக்க
அது போகவில்லை,
வேறெதுவோ போகிறது.

அப்புறம்தான் புத்தி வந்தது.
கன்ட்ரோல், எல்.
திரை ஒருமுறை கண்ணை மூடித் திறந்தது.
அழுக்கு திரையில்தான், கோப்பில் இல்லை.
நான் அழித்த 'நாற்பத்தாறு' மட்டும்
இடம் காலியாக இருந்தது.

மார்ச்சை விட்டுவிட்டு
பின்னால் அது ஏப்ரலுக்குப் போய்விட்டது.
நான் போகவில்லை.
ரெமிஜியுஸ் பீடி அட்டையில் எழுதித் தந்த நாட்களை
மறுபடி விரல்விட்டுக் கூட்டினேன்.

நாற்பத்தொன்பது வந்தது.