மூவரும் ஒருவரே

கோபி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை ஓரம் என் மேசை.
பதினெட்டு வருஷமாய்ப் பிறர் நிலத்துக்கு
நான்கெல்லை எழுதுகிறேன்.

மா. பேலேகு, வயது ஐம்பத்தாறு.
ஆதாரில் அப்படி.
பட்டாவில் பெலகு.
ரேஷன் அட்டையில் எவனோ
தனக்குத் தெரிந்த தமிழுக்குத் திருத்தி
பழகு என்று அடித்திருந்தான்.

"என்னங்க பேரு இது?"

"வேதத்துல வம்ச வரிசை வருமுங்க,
இன்னார் இன்னாரைப் பெத்தாருன்னு.
எல்லாரும் தாண்டிப் போற பக்கம்.
எங்கப்பன் அதுல நின்னுட்டாருங்க."

ஏபேருக்கு ரெண்டு மகன்.
மூத்தவன் காலத்தில் பூமி பிரிந்ததாம்,
அதனால் பேலேகு. எபிரெயத்தில் பிரிவு.
இளையவன் யொக்தான்.

யொக்தான் டிவிஎஸ்ஸை நிழலில் நிறுத்திவிட்டு
தள்ளியே நின்றார்.
பேசி ரெண்டு வருஷம் ஆகிறதாம்.
ஒரு ஏக்கர் அறுபது சென்ட்,
கீழ்பவானிப் பாசனம்.

பேர் வைக்கும்போதே பாகப்பிரிவினையா என்று
நான் சிரித்திருக்கக் கூடாது.

"பிரிவு மட்டும் இல்லீங்க,"
தரையைப் பார்த்தபடி யொக்தான்தான் சொன்னார்.
"வாய்க்காலுக்கும் அதே சொல்லாமா.
அப்பன் லஸ்கருங்க, மதகு தொறக்குற வேலை.
ஈரோட்டுல ஒரு போதகருகிட்டக் கேட்டுட்டு வந்துதான்
அண்ணனுக்கு வெச்சது.
வரப்பை வெட்டாம தண்ணி எப்புடீங்க போவும்?
எம்பேருக்குச் சின்னவன்னு அர்த்தம்.
அவ்வளவுதானுங்க."

பேலேகு நிமிர்ந்தார்.
ஐம்பத்தாறு வயதில்
தன் பெயரின் மறுபாதியைக் கேட்கிற முகத்துக்கு
என்னிடம் வாசகம் இல்லை.

"எங்கிட்டச் சொல்லவே இல்லியேடா."
"நீ கேக்கவே இல்லியே."

டோக்கன் நாற்பத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது.
எங்களுடையது நாற்பத்து நாலு.
எழுதினேன்:
அ ஷெட்யூல். ஆ ஷெட்யூல்.
இடையில் ஓடும் ஆறடி வாய்க்கால்
இருவருக்கும் பொது.
முறைத்தண்ணீர் ஒருவர் விட்டு ஒருவர்.
யாரும் யாரையும் தடுக்கலாகாது.

வழக்கமாய் எழுதுகிற வரிதான்.
இன்றைக்கு ஒருமுறை வாசித்துப் பார்த்தேன்.

பிறகு பெயர்க் குழப்பத்துக்கு ஓர் உறுதிமொழி,
இருபது ரூபாய்த் தாளில்:
பேலேகு, பெலகு, பழகு
ஆகிய மூவரும் ஒருவரே.

சாட்சிக்கு ஆள் வேண்டும் என்றேன்.
யொக்தான் என் பேனாவை வாங்கினார்.
கையெழுத்துப் போட்டுவிட்டு
அதை அண்ணனிடம் நீட்டினார்.

பேனா எனக்குத் திரும்பி வரவில்லை.