பூவரசங்குச்சி

கிளிநொச்சி ஆசுப்பத்திரியில
பல் டொக்டர் கேட்டார்:
"இரவில என்னத்தை அரைக்கிறீங்கள்?
கடைவாய்ப்பல் நாலும் தேஞ்சு போச்சு."

ஒண்டுமில்லை எண்டன்.

படியிறங்கேக்கதான் ஞாபகம் வந்தது.
ஷெல் கூவினால் பங்கருக்குள்
குப்புறக் கிடந்து குச்சி கடிக்கவேணும்,
காது வெடிக்காமல்.
கழுத்தில நூலில தொங்கினது.
வட்டுவாகல் தண்ணியில அது போச்சு.
வாய்க்கு ஆரும் சொல்லேல்லை.

உளவளத்துணைக்கு அனுப்பினவை.
தமயந்தி மிஸ் தன்ர கன்னத்தில விரல் வைச்சு
"நாக்கைக் கீழ விடுங்கோ" எண்டா.
மூண்டு புதன்கிழமை.
தாடை அசையேல்லை.

நாலாம் புதன், கறண்ட் இல்லாத மத்தியானம்,
மிஸ்ஸுக்குக் கொட்டாவி வந்தது.
எனக்கும்.
காது மட்டும் திறந்து, கண்ணால தண்ணி ஓட.

விசுவமடு பஸ்ஸில இன்னொண்டு.
முன்சீட்டுப் பிள்ளை
அதை அப்பிடியே
திருப்பித் தந்தது.