இடது காலுக்கு வேலையில்லை

மாங்குளம் சந்தியிலிருந்து வடக்கே எட்டாவது கடை.
தகரத்தில் 'கியர்பெட்டி திருத்தபடும்' என்றிருக்கும்.
ஒரு 'ப்' குறைகிறது.
பெயின்ற் முடிந்துவிட்டதென்றான் எழுதினவன்.

செவ்வாய் பின்னேரம், கன்ரர் லொறிக்குப் பின்னால்,
பின்சில்லு இரண்டும் அந்தரத்தில் தொங்க
வந்து சேர்ந்தது
கூரையில்லாத சிவப்புக் கார்.
எழுபத்திரண்டாம் ஆண்டு. இரண்டே இருக்கை.
விடிந்தால் கிளிநொச்சியில் கலியாணம்,
மாப்பிள்ளை இதில்தான் இறங்க வேண்டுமாம்.

சாரதி மரியநேசன் மன்னார் ஆள்,
வத்தளை முதலாளியிடம் சம்பளம்.
"ஒட்டோ கியரை நம்பேலாது அண்ணை.
மற்றதெண்டால் என்ன நடக்குதெண்டு கைக்குத் தெரியும்.
இது தானே யோசிச்சுத் தானே மாத்தும்.
வயசு போனால் யோசிக்க மறந்திடும்.
கனகராயன்குளத்திலை மூண்டாம் கியருக்குப்
போகமாட்டனெண்டு நிண்டிட்டுது."

முழுப் பொய்யென்று சொல்லமாட்டேன்.
மண்ணெண்ணெயில் ஓடின காலத்தில்
காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு
ஆறு பேர் தள்ளி, கிளச்சை விட,
இருமிக்கொண்டு எழும்பும்.
தள்ளி எழும்பாத ஒன்றை
இந்த ரோட்டில் ஒருவரும்
வாகனமென்று மதித்ததில்லை.
இதைத் தள்ளினால்
தள்ளின தூரம்தான் மிச்சம்.

ஆனாலும் பார்த்தேன்.
ஒயிலைச் சூட்டோடு பார்க்கவேண்டும்,
எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, சமதரையில்.
ஆறினபிறகு பார்த்தால் கம்பி பொய் சொல்லும்.
நிறம் சிவப்புத்தான். கரிந்த மணமில்லை.
அரை லீற்றர் குறைவு, அவ்வளவே.
பிறகு கீழே படுத்து டோர்ச் அடிக்க
விரல் நீளத்தில் ஒரு ரப்பர் குழாய்,
காய்ந்து, வெடித்து.

எஞ்சின் எவ்வளவு பாடுபடுகிறதென்று
கியர்பெட்டிக்குப் போய்ச் சொல்லுகிற குழாய் அது.
பெட்டி ஒன்றையும் மறக்கவில்லை.
அதற்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

உடைந்த ஹையேஸ் ஒன்றிலிருந்து
ஒரு துண்டு வெட்டிப் போட்டேன்.
ஐம்பது வருசத்து ஜேர்மன் புத்திக்கு
ஜப்பான் ரப்பர்.

ஓடிப் பார்ப்பது எப்போதும் டிலக்சன்.
என் இடது கால் முழங்காலுக்குக் கீழே பிளாஸ்ரிக்,
யாழ்ப்பாணத்தில் அளவெடுத்தது, இது நாலாவது.
முதலாவது இரண்டு வருசம் தாக்குப்பிடித்தது.
இரண்டாவது ஏழு.
மூன்றாவது ஒரு மாரிக்குப் பிளந்தது.
குறை சொல்ல ஒன்றுமில்லை, நடக்கும்.
கிளச்சை மிதித்தால் மட்டும்
மிதித்ததா என்று அதற்கே தெரியாது.

பெடியன் கதவைத் திறக்கமுன்
நான் ஏறிவிட்டேன்.
இரண்டே மிதி. இரண்டும் வலதுக்கு.
இடது கால் ஓரமாய்,
பந்திக்கு நேரத்தோடு வந்த விருந்தாளி மாதிரி
சும்மா இருந்தது.

ஒன்று. இரண்டு. ஒரு சின்னத் தயக்கம்,
மூன்று.
பாலைமரங்கள் பின்னுக்குப் போகத் தொடங்கின.
மேலே ஒன்றுமில்லை.
மேலே பார்த்துப் பார்த்தே ஓடின ரோட்டு இது.
வண்டு சுற்றினால் மரத்துக்குக் கீழே விட்டு,
கண்ணாடிக்குச் சேறு பூசி,
சத்தம் போகுமட்டும் காத்திருந்த ரோட்டு.
காசு கொடுத்துக் கூரையை
வேண்டாமென்று சொல்ல
ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.
கழுத்து பழக்கத்தில் இரண்டுதரம் நிமிர்ந்தது.
ஒரு பருந்து. பிறகு அதுவுமில்லை.

கொக்காவில் கோபுரத்தடியில் திருப்பியிருக்கலாம்.
முறிகண்டி மட்டும் போனேன்.
எல்லாரும் நிறுத்துகிற இடம். நானும் நிறுத்தினேன்,
ஆனால் எஞ்சினை அல்ல.
எழும்பாவிட்டால்
ஆர் தள்ளுவது, எதற்குத் தள்ளுவது?
கச்சான் விற்கிறவள் கிட்ட வந்து
"மாப்பிள்ளையோ?" என்று கேட்டாள்.
ஒரு பை வாங்கினேன்.

திரும்பி வர மரியநேசன் கடைவாசலில் நின்றார்.
"நம்பலாமோ?"
"ஒயிலைப் பாரும்," என்றேன். "சூட்டோடை பாரும்."
வேறென்ன சொல்வது,
என் காலுக்கே நான் உத்தரவாதம் தருவதில்லை.

குழாய் நூற்றைம்பது. ஒயில் தனி.
கூலி மூவாயிரம்,
ஓடினதுக்கு ஐந்நூறு கழித்து எழுதினேன்.
டிலக்சன் இரவுமட்டும் என்னோடு கதைக்கவில்லை.
கச்சானை மட்டும் முடித்திருந்தான்.