பதினோராவது நிமிடத்தில்

முப்பத்தைந்து திர்ஹம் டிக்கெட்.
அல் குசைஸ் தியேட்டர், கடைசிக்கு முந்தின வரிசை.
படம் தொடங்கிப் பதினோராவது நிமிடத்தில்
என்னைச் சுட்டுக் கொன்றார்கள்.

ஸ்டியரிங்கில் தலை கவிழ்ந்து
ஹாரன் அலறிக்கொண்டே இருந்தது.
பக்கத்து சீட் பெண் ‘ச்சோ’ என்றாள்.
நான் பாப்கார்னை மென்றுகொண்டிருந்தேன்,
நிறுத்தத் தோன்றவில்லை.

உண்மைச் சம்பவம் என்று
மூன்று மொழிகளில் எழுதிக் காட்டினார்கள்.
சம்பவத்தில் ஹாரன் இல்லை.
அஜ்மான் போகும் வழியில்
ஒரு பிக்கப் குறுக்கே வந்து நின்றது,
இண்டிகேட்டர் போட்டுத்தான் நின்றது.
கண்ணாடியைத் தட்டியவன் முதலில் சலாம் சொன்னான்.
பதில் சலாம் சொல்லி நான்தான் கதவைத் திறந்தேன்.
பின் சீட்டில் ஹரேஷ் சேட்
போனில் தங்கம் விலை கேட்டுக்கொண்டிருந்தார்.

படத்தில் சேட்டுக்குத் தொப்பை இல்லை.
கட்டிய கயிற்றைப் பல்லால் கடித்து அறுக்கிறார்.
விசில் பறக்கிறது.
அது கழற்றி வைக்கிற பல்.
சஜாவில், வெங்காய குடோனில்,
நாலு ராத்திரியும் அதை டம்ளர் தண்ணீரில்
போட்டு வைத்தவன் நான்.

இரண்டாம் நாள் அவர்களில் இளையவன் கேட்டான்:
சேட்டுக்கு இருபது லட்சம். உனக்கு யார் தருவா?
யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன்.
வீட்டுக்காரி பேரு பவுனுத்தாயி,
பேரில் மட்டும்தான் பவுன்,
காதில் கழுத்தில் கிடந்ததெல்லாம்
உசிலம்பட்டியில் அடகில் இருக்கு என்றேன்.
என் இந்தி அவனுக்குப் பாதிதான் புரிந்திருக்கும்.
ஆனாலும் சிரித்தான்.
போகும்போது என் சார்ஜரை இரவல் வாங்கிப் போனான்.
அதில் ஏற்றிக்கொண்டுதான்
சேட் வீட்டுக்கு மிரட்டல் பேசினான்.

அதே சார்ஜர் பிறகு
பிளாஸ்டிக் பைக்குள், நம்பர் ஒட்டி,
மேஜைமேல் என் முன்னால் கிடந்தது.
எதற்குக் கொடுத்தாய்?
கேட்டான், கொடுத்தேன்.
எதற்குக் கொடுத்தாய்?

கடத்தியவர்கள் என்னை வைத்திருந்தது நாலு நாள்.
விசாரித்தவர்கள் வைத்திருந்தது பத்தொன்பது.
அங்கே வெங்காய வாடை இல்லை, ஏசி உண்டு,
சோறும் குறை சொல்ல முடியாத சோறு.
டிரைவருக்குத் தெரியாமல் நடந்திருக்காது என்று
சேட் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த
தாளும் உண்டு.

அந்தப் பத்தொன்பது நாள் படத்தில் கிடையாது.
செத்தவனை எப்படி விசாரிப்பது?
அதற்காகத்தான் கொன்றிருக்கிறார்கள் என்று
இடைவேளையில்
ஒன்றுக்கு வரிசையில் நிற்கும்போது
விளங்கியது.

கடைசியில் பெயர்கள் ஓடின.
டிரைவர் ராஜு என்று போட்டு யாரோ ஒரு பையன்.
முத்திருளாண்டியைத் தேடவில்லை என்றால் அது பொய்.
சேட்டும் என்னை ராஜு என்றுதான் கூப்பிடுவார்,
எனக்கு முன்னால் இருந்தவனையும்.

வெளியே வந்ததும் பவுனுத்தாயி அழைத்தாள்.
நீ வர்ற எடம் வந்துச்சா?
வந்துச்சு.
எம்புட்டு நேரம்?
பதினோரு நிமிசம்.
எப்பிடி இருந்த?
செவப்பா இருந்தேன்.
அவள் சிரித்து முடிக்கும்வரை
மிச்சத்தைச் சொல்லவில்லை.
முடித்த பிறகும்.

இப்போது லாண்டரி வேன் ஓட்டுகிறேன்.
பின்னால் ஆளில்லை, சட்டைகள்தான்
ஹாங்கரில் தொங்கிக்கொண்டு வரும்.
இருந்தாலும் ஏறுமுன் ஒருதரம் எட்டிப் பார்ப்பேன்.
பார்த்தேன்.
ஏறி உட்கார்ந்ததும்
நாலு கதவும் ஒரே ‘டக்’கில் பூட்டிக்கொண்டன.

அந்தச் சத்தத்தை மட்டும்
படத்தில்
அப்படியே எடுத்திருந்தார்கள்.